தட்டு மாறிய பூமி ஹப்பா

பூமியைக் காப்பாற்றுவதுகூட ஒருவேளை சுலபமாக இருக்கலாம். அதற்கு ஒரு விழா எடுப்பதுதான் உயிர் போகிற வேலை.

சங்கம், கமிட்டி, குடியிருப்போர் நலம் என்று எதிலாவது 'செயலாளர்' ஆகி, சமையல்காரருக்கும் மைக்செட்காரருக்கும் நடுவே ஓடி ஓடி, கடைசியில் தான் மட்டும் சாப்பிடாமல் வீடு திரும்பிய சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காகத்தான். நான் மைசூரில், மண்டி மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறேன். பில் போடுவதும், விற்ற பாத்திரத்தில் மெஷின் வைத்துப் பெயர் வெட்டிக் கொடுப்பதும் என் வேலை. பதினான்கு வருடமாக அங்கே படாத பாட்டை இந்த ஒரு விழாவில் பட்டுவிட்டேன்.

பேனா கேட்ட பாவம்

எங்கள் லேஅவுட்டில் பாதிப் பேர் தமிழர்கள், பாதிப் பேர் கன்னடக்காரர்கள். தமிழர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சண்டை போடக் கன்னடம்தான் வருகிறது. சங்கத் தலைவர் வரதராஜன் சார், கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டினார். "சிவராத்திரியோடு குளிர் 'சிவ சிவா' என்று போய்விடும் என்பார்கள். இப்போது பொங்கலோடேயே போய்விடுகிறது. நாம் ஏதாவது செய்ய வேண்டும்" என்றார். செய்வது என்றால் விழாதான். பெயர் 'பூமி ஹப்பா'. ஹப்பா என்றால் கன்னடத்தில் பண்டிகை. பிளாஸ்டிக் கூடாது, ஜெனரேட்டர் கூடாது, ஒரு கைப்பிடி குப்பைகூட மிஞ்சக் கூடாது. நாங்களும் செலவில்லாத காரியம் என்று பலமாகக் கை தட்டினோம்.

நான் செய்த ஒரே தப்பு, பக்கத்தில் இருந்தவரிடம் பேனா கேட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் ரவையும் கறிவேப்பிலையும் வாங்க வேண்டும், மறந்துவிடுமே என்று உள்ளங்கையில் எழுதிக்கொள்ளத்தான் கேட்டேன். "மரகதம் நோட்ஸ் எடுக்கிறாங்க பாருங்க, அவங்களே செயலாளரா இருக்கட்டும்" என்று யாரோ சொல்ல, மறுபடியும் கை தட்டினார்கள். ரவையை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். என் கணவர் முருகேசன் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரே வரியில் எதையும் முடித்துவிடுவார். "பேனா கேட்டதுக்கே செகரட்டரியா? நல்லவேளை, நாற்காலி கேட்கலை. எலெக்‌ஷன்ல நிக்க வெச்சிருப்பாங்க."

பாயசத்துக்கு நடுவே

இரண்டாவது கூட்டத்தில், சூரிய அடுப்பில் இருநூறு பேருக்குப் பாயசம் வைக்க முடியுமா என்று அரை மணி நேரமாக விவாதம் நடந்துகொண்டிருந்தது. அப்போது இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பெயர் செல்வி. எங்கள் லேஅவுட் முடிகிற இடத்தில் ஒரு மோரி, அதாவது பெரிய சாக்கடை, ஓடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு சிமெண்ட் ஷீட் கூரை வீடுகள். ஹனூர், கொள்ளேகால் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள். எங்கள் லேஅவுட்டில் பாதி வீடுகளைக் கட்டியவர்களே அவர்கள்தான். இப்போது ஆண்களுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அப்பால் வேலை. அங்கேயே தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார்கள்.

குழந்தைக்கு எட்டு மாதம். கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு. பகல் பதினொரு மணிக்கு அழ ஆரம்பித்தால் வெயில் இறங்குகிற வரைக்கும் அழுகையாம். ஒரு மத்தியானம்கூடத் தூங்கியதில்லை. "பூமிச் சூட்டைக் குறைக்க விழா எடுக்கறீங்கன்னாங்க. எங்க ஊட்டுக் கூரைக்குச் சுண்ணாம்பு அடிச்சுக் குடுக்க முடியுங்களா?" என்று கேட்டாள். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று வரதராஜன் சார் உடனே எழுந்து விளக்க ஆரம்பித்தார். ஷீட் மேல் நேராகக் கால் வைக்க முடியாது, பலகை போட்டு ஏற வேண்டும். தண்ணீரை மோரிக்கு இந்தப் பக்கமிருந்து சுமக்க வேண்டும். ஆண்கள் ஊரில் இருக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருபத்திரண்டு கூரையும் முடிய வேண்டும் என்றால், அவர்களைத் தவிர இன்னும் முப்பது பேராவது வேண்டும். விழாவுக்கு அடுத்த ஞாயிறு அதைச் செய்வது, விழாவிலேயே ஒரு நோட்டு வைத்து ஆள் சேர்ப்பது என்று முடிவானது. அந்த ஷீட் வீடுகளின் சொந்தக்காரரும் 'நான் ஏணிகூடத் தர மாட்டேன்' என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்துவிட்டார். இவ்வளவு விஞ்ஞானம் உனக்கு எப்படித் தெரிந்தது என்று சார் ஆச்சரியமாகக் கேட்டார். செல்வி சொன்னாள்: "எங்கூர்ப் பக்கம் கோழிப் பண்ணை ஷீட்டுக்கு வருசா வருசம் அடிப்பாங்க சார். கோழிக்கே அடிக்கறாங்களேன்னுதான் கேட்டேன்."

புடவையில் எழுதியது

பிளாஸ்டிக் பேனர் கூடாது என்பதால் பழைய புடவையில் பதாகை எழுதுவது என்று தீர்மானம். 'பழைய புடவை இருந்தால் தாருங்கள்' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரு புடவையும் வரவில்லை. புடவை பழையது என்று ஒப்புக்கொள்ள எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? கடைசியில் வரதராஜன் சாரின் மனைவி சாவித்திரி அம்மா, மாம்பழ நிறத்தில் நல்ல புடவை ஒன்றைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சாருக்கு எழுத்து முத்து முத்தாக இருக்கும். தரையில் புடவையை விரித்து, ஒரு முனையில் தமிழ், மறு முனையில் கன்னடம் என்று இரண்டு மணி நேரம் மண்டி போட்டு எழுதினார். "துணி அருமையா இருக்கு, யார் குடுத்தா?" என்று இரண்டு முறை கேட்டார். நான் பெயிண்ட் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். விழாவன்று பதாகைக்குக் கீழே நின்றபோது சாவித்திரி அம்மா என் காதில் சொன்னார்: "எங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்தது இது. கட்டிண்டிருந்தப்ப ஒரு நாளும் கண்ணுல படலை. மண்டி போட்டு எழுதறப்பவாவது படும்னு பார்த்தேன்."

சைக்கிள் மைக்

ஜெனரேட்டர் இல்லாமல் மைக் எப்படி? வரதராஜன் சார் ஒரு சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோ பொருத்தி, மிதித்தால் மைக் பேசும்படி செய்துவிட்டார். மிதிக்க ஆள் வேண்டுமே. மற்றவர்கள் எல்லாம் திடீரென்று முழங்கால் வலிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். செயலாளரின் புருஷன் என்ற குற்றத்துக்காக முருகேசனை ஏற்றி உட்கார வைத்தோம். "மீட்டர் போடலாமா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஏறினார்.

சிறப்பு விருந்தினர் எங்கள் பகுதியின் பிரமுகர் ஒருவர். 'இரண்டு வார்த்தை' என்று தொடங்கி, காவிரி, காடு, யானை என்று சுற்றி வந்து, இருபது நிமிடம் ஆகியும் கரையேறவில்லை. முருகேசன் மிதிக்கிற வேகம் குறைந்தது. பிரமுகரின் குரலும் தேய்ந்தது. அவர் சைக்கிளைத் திரும்பிப் பார்ப்பார், முருகேசன் நான்கு மிதி மிதிப்பார், யானை மறுபடியும் பிளிறும். கடைசியில் முருகேசன் காலைத் தரையில் ஊன்றி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேச்சு பாதி யானையோடு நின்றது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. பிரமுகர் நல்ல மனுஷர், அவரும் சேர்ந்து சிரித்தார். இறங்கி வந்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இந்த சைக்கிள் விஷயத்தை வேற எந்தக் கமிட்டிக்கும் சொல்லிடாதீங்கம்மா, எங்க பிழைப்பே போயிடும்."

நோட்டு

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அடுத்துப் பேச வேண்டியவள் நான். கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பெயர் கொடுங்கள், நோட்டு மேஜையில் இருக்கிறது என்று அறிவிக்க வேண்டும். முருகேசனின் காலில் தெம்பு இல்லை. வேறு ஒருவர் ஏறி மிதித்ததில் மைக் கொர் என்றது, அவ்வளவுதான். தொண்டை கிழியக் கத்தினேன். அதே நேரம் புளியோதரை அண்டாவைத் திறந்தார்கள். அந்த வாசனைக்கு முன்னால் என் குரல் எந்த மூலைக்கு?

சாயங்காலம் நோட்டைத் திறந்தால் இரண்டே பெயர். ஒன்று வரதராஜன் சார், இன்னொன்று நான். செல்வி குழந்தையோடு மேஜைப் பக்கம் வந்து நின்றாள். நோட்டை மூடுவதற்குள் பார்த்துவிட்டாள். இரண்டு பேரை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு கூரை ஆகாது என்பது, கட்டட வேலைக்காரியான அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பரவால்லீங்கக்கா, சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு."

பழனியம்மாள் யார்?

இனி வருவது முழுக்க முழுக்க என் தப்பு. குப்பை வரக் கூடாது என்பதால் எல்லாரும் வீட்டிலிருந்து தட்டு கொண்டு வர வேண்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஆளாளுக்குக் குழாயில் கழுவினால் தண்ணீர் வீண். மூன்று பெரிய தொட்டியில் மொத்தமாகப் போட்டுக் கழுவலாம் என்றதும் நான்தான். "தட்டு மாறிடாதா?" என்று சாவித்திரி அம்மா கேட்டார். பெயர் வெட்டிப் பிழைக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது! "எல்லாத் தட்டிலும் பேர் வெட்டியிருக்கும்மா. நான் கூப்பிடறேன், வந்து வாங்கிக்கட்டும்" என்றேன்.

கழுவி அடுக்கியாயிற்று. முதல் தட்டை எடுத்து, "பழனியம்மாள்!" என்று கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. "சின்னச்சாமி!" இல்லை. "மாதேவப்பா!" இல்லை. ஆறாவது தட்டில்தான் எனக்கு உறைத்தது. தட்டில் இருப்பது தட்டுக்காரர் பெயர் இல்லை. கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் தட்டு கொடுத்தவர் பெயர்! 'இன்னார் அன்பளிப்பு' என்று நானே என் கையால் எத்தனை ஆயிரம் வெட்டியிருப்பேன்? தினமும் சாப்பிடுகிற தட்டில் யார் பெயர் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள். 'லட்சுமி' என்று கூப்பிட்டபோது மட்டும் ஐந்து பேர் வந்தார்கள், ஐந்து பேரும் அது தங்களுடையது இல்லை என்றார்கள். கடைசியில் நான்கு தட்டு கொண்டு வந்தவர் ஏதோ நான்கை எடுத்துக்கொண்டு போவது என்று ஆகிவிட்டது. ஒரு பெரியவர் தன் பங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் கல்யாணத்துக்கு இவ்வளவு கனமா யாரும் கொடுக்கலையேம்மா, இருந்தாலும் வர்றதை வேண்டாம்னு சொல்லக் கூடாது."

புதன்கிழமை, இரண்டு மணி

மறுநாள் காலையிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் பூமியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எல்லாம் தட்டுப் படம்தான். விளிம்பு வளைந்த தட்டு, குழித் தட்டு, 'இது யாருடையது?', 'என் மாமியார் கொடுத்தது எங்கே?' என்று மூன்று நாள். பேசிப் பேசிப் பார்த்ததில், தொலைந்தவற்றில் பெரும் பகுதி, விழாவுக்கு வந்த ஷீட் வீட்டுக்காரர்களோடு மோரிக்கு அந்தப் பக்கம் போயிருப்பது தெரிந்தது. சாவித்திரி அம்மாவுடைய தட்டில் அவருடைய அப்பாவின் பெயர் வெட்டியிருக்கும்; அது வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். புதன்கிழமை கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவரோடு இன்னும் ஏழெட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு, கையில் ஆளுக்கு நாலு தட்டோடு மோரியைத் தாண்டினேன். எல்லாரும் சாப்பாட்டுக் கடையை முடித்துவிட்டு வந்ததில் மணி இரண்டு ஆகிவிட்டது.

எத்தனை வருடமாக அந்த வரிசை அங்கே இருக்கிறது! எங்களில் ஒருவரும் அதுவரை உள்ளே போனதில்லை. செல்வி எங்களைப் பார்த்ததும் பதறி, பாய் விரித்து, உட்காரச் சொல்லிவிட்டு மோர் கலக்கப் போனாள். உட்கார்ந்தோம். தலைக்கு ஒரு முழம் மேலே ஷீட். தோசைக்கல்லுக்கு அடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு நிமிடத்தில் பேச்சு நின்றது. மூன்றாவது நிமிடம் ஒரு அம்மா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். குழந்தை தொட்டிலில் தொண்டை வற்ற அழுதுகொண்டிருந்தது. பக்கத்தில் சாவித்திரி அம்மா தேடி வந்த அந்தத் தட்டு, பிசைந்த சோறு ஒட்டியபடி. "கனமா இருக்குதுங்களா, இவன் தட்டினாலும் சாயாதுங்க. அதான் எடுத்து வெச்சேன்" என்று செல்வி கழுவப் போனாள். சாவித்திரி அம்மா தட்டைப் பார்க்கவே இல்லை. முந்தானையால் குழந்தைக்கு விசிறிக்கொண்டே கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, குரலில் கோபம்: "அன்னிக்கு என்னமோ நோட்டு நோட்டுன்னு கத்தினியே மரகதம், அது எங்க? கொண்டா இங்க."

வெள்ளை

நோட்டில் அன்று மாலைக்குள் நாற்பத்தொரு பெயர். தட்டு தேடிப் போன ஒவ்வொருவரும் தன் வீட்டு ஆட்கள் பெயரையும் அவர்களைக் கேட்காமலே எழுதிக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மோரிக்கரையில் கூட்டம் பார்க்க வேண்டுமே! முருகேசனின் ஆட்டோவில் தண்ணீர் டிரம், அதன் மேல் ஏணி, ஏணியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பு வெளியே தொங்க ஒரு வங்கி மேனேஜர். ஷீட் வீட்டு ஆண்கள் பலகை போட்டு மேலே ஏறினார்கள். நாங்கள் கீழே சுண்ணாம்பு கரைத்து வாளி வாளியாக ஏற்றினோம். வெயில் எந்தக் கோணத்தில் திரும்பிப் போகிறது என்று வரதராஜன் சார் விளக்கிக்கொண்டே இருந்தார். மேலேயிருந்து ஒரு வாளி சாய்ந்து, விளக்கம் தலையோடு வெள்ளையானது. "நோடி, பாருங்க, இனி சாருக்கு வெயிலே அடிக்காது!" என்று கன்னடத்தில் யாரோ கத்தினார்கள். அன்றைக்குச் சிரித்த மாதிரி விழாவில்கூடச் சிரிக்கவில்லை. சாயங்காலம் மாம்பழ நிறப் பதாகையை நான்கு பேர் கரையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சார் அதை நெருங்கி வந்து பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். தன் தலையில் இருந்த சுண்ணாம்பைத் துடைக்கப் போனார். காதுவரைக்கும் சிவந்திருந்தது.

திங்கள்கிழமை மத்தியானம் கடையில் இருந்தேன். இரண்டேகால் மணிக்குச் செல்வியின் போன். மூச்சு வாங்கினாள். குழந்தைக்குக் காய்ச்சலா, ஷீட் உடைந்துவிட்டதா என்று மனசில் என்னென்னவோ ஓடியது. "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று கத்தினேன். கடை முதலாளி திரும்பிப் பார்த்தார். செல்வி அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை: "ஒண்ணுமில்லீங்கக்கா, பாப்பா சத்தமே காணோம்னு பயந்து ஓடி வந்து பார்த்தேன், தூங்கறானுங்க!"

சாவித்திரி அம்மா அந்தத் தட்டை வாங்கி வருகிறேன் என்று வாரத்துக்கு ஒரு முறை மோரியைத் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருக்கிறார், ஒவ்வொரு முறையும் மறந்துவிட்டு வருகிறார். என் வீட்டு அலமாரியில் இன்னும் 'பழனியம்மாள் அன்பளிப்பு' இருக்கிறது. யாருடையது என்று தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த வருட விழாவுக்கு மைக் எப்படி, பாயசம் எப்படி என்று சார் இப்போதே திட்டம் போட ஆரம்பித்துவிட்டார். என் திட்டம் மட்டும் ஒன்றேதான்.

என் அனுபவத்தில் பூமியைக் காப்பாற்ற நிச்சயமான வழி, சாப்பிட வந்தவர்களின் தட்டை மாற்றி அனுப்பிவிடுவதுதான்.